கப்பலில் வரும் நடமாட்டச் சிக்கலுள்ள பயணிகளுக்குத் திருமலையில் ஒரு பகல்: எப்படி ஒழுங்கு செய்வது?

கோணமலையான் எழுதியது:

மார்ச் கடைசியில் வரப்போகும் ஒரு பயணிகள் கப்பலில் இருந்து 11 பேர் திருமலை (திருகோணமலை) சுற்றிப் பார்க்கக் கேட்டிருக்கினம். காலை 8 மணிக்குக் கப்பல் வரும், பின்னேரம் 4 மணிக்குள் எல்லாரும் திரும்ப ஏறிவிட வேணும். 11 பேரில் மூன்று பேருக்கு நடமாட்டச் சிக்கல் இருக்கு.

முதலாமவர் கையால் தள்ளும் சக்கர நாற்காலியில், எழுந்து நிற்க ஏலாது. இரண்டாமவர் நாலு சில்லு வோக்கரோட 50 மீட்டர் நடப்பார், கைபிடி இருந்தால் இரண்டு படி ஏறுவார். மூன்றாமவருக்கு பற்றரி ஸ்கூட்டர், இறங்கிப் பத்தடி நடப்பார்.

அவையள் கேட்கிற இடங்கள்: கோணேசர் கோயில், நிலாவெளி றோட்டுப் போர் மயானம், கன்னியா வெந்நீரூற்று, ஒரு கடற்கரை. புறாமலைத் தீவையும் கேட்டிருக்கினம். எது சாத்தியம், எதை வெட்டுறது, வாகனம் என்ன? அனுபவமுள்ளவர்கள் விபரமாச் சொல்லுங்கோ.

---

வான்_கிண்ணியா எழுதியது:

முதல்ல ஒரு கேள்விக்குப் பதில் எடுங்க. கப்பல் துறைமுகத்தில அஷ்ரப் ஜெட்டியில கட்டுமா, இல்ல உள்ளுக்கு நங்கூரம் போட்டு டெண்டர் எண்ட சின்னப் படகுல ஆக்களக் கரைக்கு இறக்குமா? இது தெரியாம மிச்சம் எதையும் திட்டம் போட ஏலாது.

ஜெட்டியில கட்டினா கப்பல்ட ஏணிப்பாதையால தள்ளிக்கொண்டு இறங்கலாம். நம்மட பக்கம் வற்றுப் பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால சரிவு பெரிசா மாறாது. டெண்டர் எண்டா கதை வேற. படகும் மேடையும் ஒண்டுக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், நடுவில இடைவெளி விழும். அந்த நேரத்தில சக்கர நாற்காலியோட ஆளத் தூக்கிக் கடத்துறதுக்குப் பல கம்பனி விடாது. தானா ஒரு எட்டு வைக்கத் தெரிஞ்சவங்களத்தான் இறக்குவாங்க. பாரமான பற்றரி நாற்காலிய படகுல ஏத்தவே மாட்டாங்க. நீங்க எழுதின மூண்டு பேர்ல முதலாமவர் டெண்டர் நாள்ல கரைக்கே வர ஏலாமப் போகலாம். அத அவருக்குக் காசு கட்டுறதுக்கு முந்தியே சொல்லுங்க. அண்டைக்குக் காலையில கடல் எழும்பினா டெண்டர் நிப்பாட்டப்படும், அதுக்கும் காசு திருப்பிக் குடுக்கிற விதிய எழுத்தில வையுங்க.

மார்ச் கடைசி நல்ல காலம்தான். வாடைக்காத்து மழை முடிஞ்சிருக்கும், கடல் படுத்திருக்கும். வெயில்தான் பிரச்சின.

---

பிசியோ_உவர்மலை எழுதியது:

கோணமலையான் தம்பி, நீங்கள் எழுதிய மூன்று வரிக் குறிப்பு நல்ல தொடக்கம், ஆனால் காணாது. நோயின் பெயர் எங்களுக்குத் தேவையில்லை, அதைக் கேட்கவும் கூடாது. தேவையானது அளவுகள். மூவருக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்:

நாற்காலியின் வெளி அகலம் எவ்வளவு? இருக்கை அகலத்தைச் சொல்லி ஏமாறுவோர் அதிகம். 45 செ.மீ. இருக்கை என்றால், கையால் சுற்றும் வளையத்தோடு சேர்த்து 65 செ.மீ. தாண்டும். மடித்தால் என்ன அளவு, பாரம் எத்தனை கிலோ, தரையில் இருந்து இருக்கை எத்தனை செ.மீ. உயரம், கைப்பிடி கழருமா? ஆளின் எடை என்ன? பக்கவாட்டில் தானாக நகர்ந்து ஆசனம் மாறுவாரா, சறுக்கி மாற வழுக்குப் பலகை வேணுமா, இருவர் உதவ வேணுமா? எந்தப் பக்கம் பலமான பக்கம்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு பக்கம் பலவீனமானவரை அந்தப் பக்கமாகவே வாகனத்துக்குள் ஏற்றப் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள்.

நிற்க முடியாதவருக்கு முள்ளந்தண்டுக் காயம் என்றால், காயத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்பு தன்னைக் குளிர்விக்காது. திருமலை வெயிலில் அரை மணி நேரத்திலேயே தலை சுற்றலாம். ஒரு தண்ணீர் விசிறும் போத்தல், நனைத்த துவாய், ஐஸ் பெட்டி, மூன்றும் அவர் இருக்கும் வாகனத்திலேயே இருக்க வேண்டும், மற்ற வாகனத்தில் அல்ல. வெயிலில் விட்ட நாற்காலியின் இரும்புச் சட்டத்திலும் கறுப்பு மெத்தையிலும் அப்படியே இருத்தவும் வேண்டாம். தோலில் உணர்வு இல்லாதவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் பின்னேரம்தான் கண்ணில் படும்.

---

கன்னியா_வழிகாட்டி எழுதியது:

இடங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

புறாமலையை இப்பவே வெட்டுங்கோ. நிலாவெளிக் கரையில் மணலில் இறங்கி, தண்ணிக்குள் நின்று பைபர் படகில் ஏறி, அங்கே மறுபடி கரையில் குதிக்க வேணும். போதாக்குறைக்குப் பவளக்கல் பரவிய கரை. மூவரில் ஒருவருக்கும் சரிவராது.

போர் மயானம் மூன்று பேருக்குமே நல்ல இடம். நிலாவெளி றோட்டோரம், சமதரை, வெட்டிய புல், நிழல் மரம். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சின் கதையை அங்கே நின்று சொன்னால் பிரித்தானியப் பயணிகள் ஒரு மணித்தியாலம் அசையமாட்டார்கள். ஒரே சிக்கல், முதல் நாள் மழை பெய்தால் புல் இளகும். நாற்காலியின் முன் சின்னச் சில்லு புதையும், முன்னால் தள்ளினால் ஆள் தலைகுப்புற வருவார். அப்படியான இடத்தில் நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்து, பெரிய சில்லு இரண்டில் மட்டும் நிறுத்தி, பின்னோக்கி இழுக்க வேணும்.

கன்னியாவில் ஏழு கிணறும் சின்னச் சதுரத் தொட்டிகள், வாளியால் அள்ளி ஊற்றுவது வழக்கம். சுற்றிவர எந்நேரமும் ஈரம், வழுக்கும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு. காலில் உணர்வில்லாதவருக்கு உதவியாளர் தன் முழங்கைப் பக்கத்தால் சூடு பார்த்த பிறகுதான் ஊற்ற வேணும். வோக்கர்காரர் அந்த ஈரக்கல்லில் போகவே வேண்டாம்.

கோணேசர் கோயில்தான் கஷ்டம். அது பிரட்ரிக் கோட்டைக்குள் இருக்கு, கோட்டை வாசலால் வாகனம் உள்ளே போகும். புள்ளிமான்களை வானுக்குள் இருந்தே பார்க்கலாம். மேலே ஏற்றம், பிறகு செருப்புக் கழற்றும் இடம், அதன் பிறகு படி.

---

உப்புவெளி_ராசா எழுதியது:

படி என்ன பெரிய விஷயம்? நாலு பெடியள் இருந்தால் நாற்காலியோட தூக்கிக்கொண்டு போகலாம். திருவிழாவில சாமியையே தூக்கிற ஆக்கள் நாங்கள்.

---

சில்லுச்சத்தம் எழுதியது:

ராசா அண்ணா, உதவிற மனசு விளங்குது. ஆனால் சக்கர நாற்காலி பாவிக்கிற ஆள் ஒரு மூட்டை இல்லை. அவர் தூக்கச் சொன்னால் தூக்கலாம். அவர் வேண்டாம் எண்டால், "சும்மா இருங்கோ, ஒண்டும் ஆகாது" எண்டு சொல்லித் தூக்கிறது பெரிய அவமானம். நாலு பேர் தோளில தொங்கிக்கொண்டு சனம் பார்க்கப் போறதை விட, கீழே நிழலில இருந்து கடலைப் பார்க்கிறது பலருக்கு மரியாதையா இருக்கும். முடிவு அவருடையது. அதுக்கும் அவருக்கு முன்கூட்டியே உண்மை தெரிய வேணும்: எத்தனை படி, எத்தனை செ.மீ. உயரம், கைபிடி இருக்கா, எவ்வளவு தூரம். "கொஞ்சம் படி இருக்கு" எண்டு எழுதாதேங்கோ. அளவு நாடாவைப் படியில வைச்சு எடுத்த படம் அனுப்புங்கோ. அதைப் பார்த்து அவரே சொல்லுவார். தன்ர நாற்காலியையும் தன்ர உடம்பையும் அவரை விடத் தெரிஞ்ச ஆள் இல்லை.

---

பிசியோ_உவர்மலை எழுதியது:

சில்லுச்சத்தம் சொன்னதற்கு மேல், தூக்குவதன் கணக்கையும் சொல்ல வேண்டும். 80 கிலோ ஆள், 17 கிலோ நாற்காலி, மொத்தம் 97. நாலு பேர் என்றால் ஆளுக்கு 25க்குக் கிட்ட என்று தோன்றும். படியில் அப்படிப் பிரியாது, கீழ்ப்படியில் நிற்கும் இருவர் மேல்தான் பெரும்பங்கு இறங்கும். வியர்த்த கை, வெறுங்கால், சூடேறிய கல். ஒருவர் தடக்கினால் நாற்காலி அவர் பக்கம் புரளும்.

எதைப் பிடிப்பது என்பதும் தெரிய வேண்டும். கைப்பிடியும் கால்மிதியும் கழரும்படி செய்தவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும், ஆள் கீழே. தள்ளும் பிடியின் இறப்பர் உறை வியர்வையில் வழுகிக் கழரும், முதலில் முறுக்கி இழுத்துப் பாருங்கள். பிடிக்க வேண்டியது சட்டத்தின் அசையாத குழாயை.

அவர் சம்மதித்து, படியும் குறைவு என்றால், தூக்காமல் ஏற்றுவதே பாதுகாப்பு. நாற்காலியின் முதுகைப் படிப்பக்கம் திருப்பி, பின்னுக்குச் சாய்த்து, பெரிய சில்லை ஒவ்வொரு படியாக உருட்டி ஏற்ற வேண்டும். மேலே பலமான ஒருவர் தள்ளும் பிடியில், கீழே ஒருவர் முன்சட்டத்தில். கட்டளை சொல்வது மேலே நிற்பவர் மட்டும். இரண்டு பேர் "ஒண்டு, ரெண்டு" சொன்னால் நேரம் பிசகும். முதலில் வெறும் நாற்காலியில் ஒத்திகை பாருங்கள். ஆறேழு படிக்கு மேல் இந்த வேலையே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

---

கன்னியா_வழிகாட்டி எழுதியது:

கோயிலைப் பற்றி இன்னும் இரண்டு. செருப்பைக் கழற்றச் சொல்வது எங்களுக்குச் சாதாரணம். காலில் தாங்கி போட்டவருக்குச் சப்பாத்தைக் கழற்றினால் தாங்கி நிற்காது, நடக்கவே ஏலாது. நீரிழிவால் பாதம் மரத்தவர் 11 மணி வெயிலில் அந்தக் கல்லில் வெறுங்காலுடன் நடந்தால் பாதம் வெந்துபோகும், அவருக்குத் தெரியவும் தெரியாது. கோயில் நிர்வாகத்திடம் முதலே போய்ப் பேசுங்கோ: வெளியில் பாவிக்காத துணிச் சப்பாத்துக்கு அனுமதி, நாற்காலிச் சில்லைத் துடைத்துவிட்டுக் கொண்டுபோக அனுமதி. அன்று வாசலில் நின்று வாதாடினால் ஒருவருக்கும் மனம் நல்லா இராது.

நேரமும் பார்க்க வேணும். மத்தியானம் நடை சாத்தினால் பூசையும் இல்லை, வெயிலும் உச்சி. கோயிலை முதல் இடமாக வையுங்கோ.

மேலே போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் நிற்கும் சுவாமி மலையில் உயரமான இடத்தில் இருந்து கடலைப் பார்க்க வாகனமே உங்களை அரைவாசிக்கு மேல் கொண்டுபோய் விடும். மார்ச், ஏப்ரலில் அந்தப் பக்கக் கடலில் நீலத்திமிங்கிலம் ஊதுவது சிலவேளை கரையில் நின்றே தெரியும். ஒரு நல்ல தொலைநோக்கி, ஒரு குடை, ஒரு மடக்குக் கதிரை கொண்டுபோங்கோ. சம்பந்தர் "குரைகடல் ஓதம் நித்திலங் கொழிக்கும்" என்று பாடிய கடல் அது. அதைக் காட்டி, பாட்டின் கருத்தைச் சொல்லிக்கொண்டு ஒருவர் அவரோடு இருக்க வேணும். துணையில்லாமல் வானுக்குள் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் மேலே போவது மிகப் பிழையான வேலை.

---

வான்_கிண்ணியா எழுதியது:

வாகனம். ஹைட்ரோலிக் தூக்கி வைச்ச வான நம்பித் திட்டம் போடாதீங்க. கேடிஎச் எண்ட டொயோட்டா வான்ட தளம் நிலத்தில இருந்து ரெண்டடிக்குக் கிட்ட. ஒழுங்கான சரிவு எண்டா ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதாவது 24 அடிப் பலகை வேணும். யாரும் கொண்டு திரிய ஏலாது. எட்டடிப் பலகையப் போட்டுத் தள்ளினா ஒண்டுக்கு நாலு சரிவு, நாற்காலி பின்னால கவிழும்.

அதனால நிக்க ஏலாதவருக்குச் சின்னக் கார்ட முன் சீற்தான் நல்லம். கதவு அகலத் திறக்கணும், சீற்ற முழுக்கப் பின்னுக்குத் தள்ளணும், நாற்காலி சீற்றும் கார் சீற்றும் கிட்டத்தட்ட ஒரே உயரமா இருக்கணும். ரெண்டுக்கும் நடுவில வழுக்குப் பலகை. கார நடைபாதைக் கல்லோட ஒட்டி நிப்பாட்டாதீங்க, நாற்காலிக்கு ஒண்டரை மீட்டர் சமதரை விடுங்க. கல்லுக்கு மேல நாற்காலியும் கீழ காரும் எண்டா உயரம் மாறிப்போகும்.

மிச்சப் பேருக்கும் ஸ்கூட்டருக்கும் கேடிஎச். வோக்கர்காரருக்கு ஆறங்குல உயரத்தில ஒரு மரப்படி செஞ்சு குடுங்க, அடியில இறப்பர் அடிச்சு. பிளாஸ்ரிக் ஸ்டூல் வைக்காதீங்க, கால் விரிஞ்சு போகும்.

ஒண்டு மட்டும் கண்டிப்பு. மடிக்கிற சக்கர நாற்காலியில ஆள இருத்தினபடி வான் ஓட்டவே கூடாது. தளத்தில நாலு பக்கமும் பூட்டிற பட்டி இல்லாட்டி, ஒரு பிறேக்குக்கு நாற்காலி முன்னால பறக்கும். ஆளச் சீற்றுக்கு மாத்தி பெல்ற் போட்டுத்தான் ஓடணும்.

துறைமுகத்துக்குள்ள போக வாகன இலக்கம், சாரதி, உதவியாளர் அடையாள அட்டை விபரம் எல்லாம் கப்பல் முகவருக்கு முதலே போகணும். வாசல்ல இறக்கி உள்ளுக்கு நடக்கச் சொல்லுற கதை இந்தக் குழுவுக்குச் சரிவராது. மாத்து வாகனம் ஒண்டுக்கும் சேர்த்துப் பாஸ் எடுங்க, அண்டைக்குக் காலையில கார் பழுதானா வேற கார உள்ளுக்கு விட மாட்டாங்க.

---

கோணமலையான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்ப கோயில், மயானம், கன்னியா, உப்புவெளியில சாப்பாடு, இந்த ஒழுங்கு சரியா?

---

வான்_கிண்ணியா எழுதியது:

நேரத்தக் கூட்டிப் பாருங்க. மூண்டு பேரையும் ஒருக்கா ஏத்த 20 நிமிசம், ஒருக்கா இறக்க 20. ஸ்கூட்டரக் கழட்டிப் பூட்டுறதும் இதுக்குள்ளதான். ஜெட்டி, கோயில், மயானம், சாப்பாடு, திரும்ப ஜெட்டி எண்டா நாலு ஏத்தம், நாலு இறக்கம். 160 நிமிசம் அதுக்கே போகும். 9 மணிக்கு ஜெட்டியில இருந்து வெளிக்கிட்டு 3:15க்கு உள்ளுக்கு வரணும் எண்டு வையுங்க, மொத்தம் 375 நிமிசம். ஓட்டத்துக்கு 75 கழிச்சா மிச்சம் 140. ரெண்டு இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான் நேரம். கன்னியாவச் சேர்த்தா இன்னொரு ஏத்தம் இறக்கம் 40, ஓட்டம் அரை மணி. பாதி நேரம் போயிடும். கன்னியாவ வெட்டுங்க. இல்ல, நடக்கக்கூடிய எட்டுப் பேர்ல விரும்பினவங்கள மயான நேரத்தில வேற வான்ல அனுப்பலாம், அதுவும் கேட்டுட்டு. புருசன் ஒரு வான்லயும் பொஞ்சாதி ஒரு வான்லயும் போக வைக்காதீங்க.

---

சில்லுச்சத்தம் எழுதியது:

சாப்பாட்டு இடத்தை மெனுவைப் பார்த்துத் தெரிவு செய்யாதேங்கோ. மலசலகூடத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கோ. ஒரு நாளைக் குழப்பிறது அதுதான்.

வழியில போக இடம் இல்லை எண்டு தெரிஞ்சால் ஆள் தண்ணி குடிக்கமாட்டார். காலையில இருந்து ஒரு மிடறும் குடிக்காமல், 33 பாகை வெயிலில இருந்து, மத்தியானம் மயங்குவார். எல்லாரும் வெயிலைக் குறை சொல்லுவினம்.

ஹோட்டல்காரர் தொலைபேசியில "வீல்செயார் ரொயிலெட் இருக்கு" எண்டு சொன்னாலும் நேரில போய் அளவுங்கோ. கதவைத் திறந்து வைச்சு, கதவுப் பலகையின்ர தடிப்பையும் கழிச்சு வாற தெளிவான இடைவெளி 80 செ.மீ. வேணும். கதவு உள்ளுக்குத் திறந்தால் நாற்காலி போன பிறகு மூட ஏலாது. உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம். கொமட்டுக்குப் பக்கத்தில நாற்காலியை ஒட்டி நிறுத்த இடம், சுவரில கைபிடி. அந்தக் கைபிடியில உங்கட முழுப்பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பாருங்கோ. பேருக்கு அடிச்ச இரண்டு திருகாணியில நிக்கிற கைபிடியும் இருக்கு. கனகாலமாப் பாவிக்காத கூடமெண்டால் விளக்குமாறும் கதிரையும் அடுக்கியிருப்பினம், முதல் நாளே எடுக்கச் சொல்லுங்கோ.

சிறுநீர் சேர்ற பை கட்டினவருக்குக் கொமட்டே தேவைப்படாமல் இருக்கலாம். மறைவான ஒரு இடமும் ஒரு போத்தலும் கை கழுவத் தண்ணியும் காணும். அதுக்கு ஒரு திரைச்சீலை வானில வைச்சிருங்கோ.

இதெல்லாம் தயவில்லை, சட்டம். மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைக்கு 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, 2006 அணுகல் ஒழுங்குவிதிகள் இருக்கு, 2016இல இலங்கை அதே உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியும் இருக்கு. பொதுக் கட்டடத்தில சரிவுப்பாதையும் கூடமும் இருக்க வேணும் எண்டு ஹோட்டல்காரருக்குச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு.

---

தச்சு_பாலையூற்று எழுதியது:

படியில போடுற சரிவுப் பலகை ஆரும் கேட்கேல்ல, ஆனால் தேவைப்படும். ஆறங்குலப் படி ஒண்டுக்கு ஆறடிப் பலகை சரியான சரிவு. இரண்டு படி எண்டால் பன்னிரண்டடி, அதை விடுங்கோ.

18 மி.மீ. மரைன் பிளைவூட், ஆறடி நீளம், 80 செ.மீ. அகலம். அடியில இரண்டங்குல மூண்டங்குலச் சட்டம் இரண்டு, நீளவாக்கில. சட்டமில்லாமல் வெறும் பலகையைப் போட்டால் நடுவில தொய்யும், சில்லு அந்தப் பள்ளத்தில நிற்கும். இரண்டு ஓரத்திலயும் இரண்டங்குல விளிம்புப்பட்டி அடியுங்கோ, சின்னச் சில்லு வெளியில போகாது. மேல் முனையில அலுமினியத் தகடு மடிச்சு வைச்சால் படியில இருந்து பலகைக்கு ஏறிற இடத்தில முட்டாது. பெயின்ற் காயமுன் சலிச்ச ஆற்றுமணல் தூவினால் வழுக்காது.

பிழைக்கிற இடம் மேல்முனை. பாரம் ஏறினவுடன பலகை பின்னுக்கு வழுகும். மேல்முனைக்குக் கீழே ஒரு கட்டை அடிச்சு படியின்ர விளிம்பில கொழுவ வேணும், அல்லது கயிற்றால தூணில கட்ட வேணும்.

கடற்கரைக்கு வேற வழி. மேல் மணலில எந்தச் சில்லும் ஓடாது. 12 மி.மீ. பிளைவூட் எட்டடி நாலடித் தாள் மூண்டு எடுத்து, பின்னால கடந்ததைத் தூக்கி முன்னால போட்டுப் போட்டுப் போகலாம். ஒரு தாள் 20 கிலோவுக்குக் கிட்ட, இரண்டு பேர் வேணும். தடித்த தும்புப் பாய் விரிச்சால் இன்னும் லேசு, ஆனால் சுருக்கமில்லாமல் இழுத்து முளை அடிக்க வேணும்.

---

கோணமலையான் எழுதியது:

கன்னியாவை வெட்டியாச்சு. கடற்கரைக்கு, தும்புப் பாய் விரிச்சு, ஹோட்டல் முன்றலில இருந்து 15 மீட்டர். ஸ்கூட்டரின்ர பற்றரி என்ன வகை, கழட்டினால் பாரமான துண்டு எத்தனை கிலோ எண்டு கேட்டு எழுதியிருக்கிறன். முகவருக்கு இரண்டு வாகனமும் ஒரு மாத்து வாகனமும். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை இரண்டு டிறைவர்மாருக்கும் அட்டையில எழுதிக் குடுக்கிறன். ஞாயிறு காலமை அளவு நாடாவோட கோட்டைக்குப் போறன். படியில என்னென்ன அளக்க வேணும்?

---

பிசியோ_உவர்மலை எழுதியது:

உயரத்தை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு படியினதும் மிதி ஆழத்தையும் அளக்கவும். நாற்காலியைச் சாய்த்து ஏற்றும்போது பெரிய சில்லு அந்த மிதியில்தான் இளைப்பாறும். ஆழம் குறைந்தால் இரு படிக்கும் நடுவில் ஆளின் முழுப் பாரமும் மேலே நிற்பவரின் கையில்தான். எல்லாப் படியும் ஒரே உயரமா என்றும் பாருங்கள், பழைய கற்படியில் ஒன்றிரண்டு மாறியிருக்கும். கைபிடி எந்தப் பக்கம் என்று குறியுங்கள், வோக்கர்காரருடைய பலமான கை எது என்று கேட்டதோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். 11 மணிக்கும் ஒருமுறை போய், எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று பாருங்கள்.